முடியாதம்மா

தொலைபேசியை எடுத்தால் யார் பேசுவது என்று கேட்கமாட்டார். "சொல்லுங்க, என்ன செய்யணும்?" என்பார். மறுமுனையில் இருப்பவர், "மேடம், எனக்கு அட்மின் பர்மிஷன் வேணும்" என்று ஆரம்பித்தால், அது காதில் விழாதது போல அதே குரலில் திரும்பவும் கேட்பார். "சரி, என்ன செய்யணும்?" இன்னொரு முறை கேட்பதற்குள் அந்தப் பக்கத்துக்கு எரிச்சல் வந்துவிடும். எரிச்சலில்தான் உண்மையும் வரும். "பிரிண்டர் அடிக்கடி நின்னு போகுது, அதைத் திரும்ப ஓட வைக்கணும். போதுமா?" போதும் என்று சொல்லி வைத்துவிடுவார். சற்று நேரத்தில் அந்த ஆள் தன்னுடைய பெயரிலேயே அந்தப் பிரிண்டரை நிறுத்தலாம், ஓட்டலாம். வேறு எதன்மீதும் கை வைக்க முடியாது.

எங்கள் மருத்துவமனையின் கணினிகளையெல்லாம் கட்டி மேய்ப்பவர் இவர். வார்டு, மருந்தகம், ஆய்வகம், கட்டணப் பிரிவு எல்லாமே ஒரே கணினி அமைப்பில்தான் ஓடுகின்றன. அதில் யார் எதைப் பார்க்கலாம், யார் எதைத் திருத்தலாம் என்று வரம்பு கட்டுவது இவருடைய வேலை. நிர்வாகம் கொடுத்த பதவி சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர். ஊழியர்கள் கொடுத்த பதவி முடியாதம்மா. இது அநியாயமான பெயர். எனக்குத் தெரிந்து அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே கிடையாது. கேள்வி மட்டும்தான் கேட்பார், அதற்குப் பதில் வைத்திராதவர்கள் கோபத்தில் வைத்த பெயர் இது.

எனக்கும் இதில் பங்கு உண்டு. நான் விசாரணை மேஜையில் உட்காருகிறவன். கூட்டங்களில் குறிப்பெடுக்கும் வேலையும் என் தலையில்தான். பத்திரிகைகளுக்கு எழுதுவது சொந்த வியாதி. என் மேஜைக் கணினியில் தமிழில் எழுத வசதி வேண்டும் என்று போய், எடுத்த எடுப்பில், எல்லாக் கணினிகளிலும் எதையும் செய்ய விடும் அட்மின் பாஸ்வேர்டையே கேட்டேன். நானே எல்லாம் போட்டுக்கொள்கிறேன், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று பெருந்தன்மை வேறு காட்டினேன்.

"என்ன செய்யணும் அண்ணே?"

"தமிழ்ல டைப் பண்ணணும்."

"ஆபீஸ் வேலைக்கா, கதைக்கா?"

நான் சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீ ஆறுவதற்குள் என் கணினிக்குத் தமிழ் விசைப்பலகை வந்துவிட்டது. ஜன்னலைத் திறக்க வேண்டும் என்பதற்காக வீட்டுப் பத்திரத்தையே எழுதிக் கேட்டவன் போல நான் அசடு வழிந்தபடி என் மேஜைக்குத் திரும்பி வந்தேன்.

அவருடைய அறை தரைத்தளத்தின் கடைசியில், சலவைத் துணி வைக்கும் அறையை ஒட்டி இருக்கிறது. உள்ளே போனால் குளிர் எலும்பில் இறங்கும். கணினிகளுக்காக அப்படி வைத்திருக்கிறார்கள், மனிதர்களைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. கணவருடைய பழைய ஸ்வெட்டரைக் கைகளை மடித்துவிட்டுப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றி வைத்துக்கொண்டு, கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பார். சிறிய உருவம். நடந்தால் கால் தரையில் பாவாது. வராந்தாவில் அவர் வருகிற வேகத்தைப் பார்த்து நோயாளிகளின் உறவினர்கள் ஏதோ அவசர கேஸ் என்று பதறி வழிவிடுவார்கள்.

பெரும்பாலும் அவசரம் ஒன்றும் இருக்காது. யாரோ ஒருவர் விசைப்பலகைக்கு அடியில் கடவுச்சொல்லைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டியிருப்பார். இவருக்கு அது எப்படித்தான் மூக்கில் வியர்க்குமோ தெரியாது. பேசிக்கொண்டே ஒரு கையால் விசைப்பலகையைத் தூக்குவார். மறு கை விரல் நகத்தால் சீட்டை உரிப்பார். கிழித்துப் போடவும் மாட்டார், திட்டவும் மாட்டார். அந்த ஆளின் உள்ளங்கையிலேயே அதை வைத்து, விரல்களை மடக்கி மூடிவிட்டுப் போய்விடுவார். எங்கள் கட்டணப் பிரிவு மனிதருக்கு இந்த மரியாதை பலமுறை நடந்திருக்கிறது. திட்டினாலும் தேவலை என்று அவர் என்னிடம் புலம்புவார்.

யாராவது ஓய்வு பெற்றால், வழியனுப்பு விழாவில் கை தட்டிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கணினிக் கணக்கை மூடிவிட்டு வந்திருப்பார். ஒரு மூத்த மருத்துவர் இதில் மனம் உடைந்துபோனார். நேற்று வரைக்கும் நான் இங்கே டாக்டர், அதற்குள் என்னை அன்னியனாக்கிவிட்டீர்களே என்று கேட்டார். "உங்க பேர்ல வேற யாரும் மருந்து எழுதக்கூடாதுன்னுதான் சார்" என்றார் முடியாதம்மா. மருத்துவர் மாலையைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அந்த மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டார்.

ஊரெல்லாம் வரம்பு கட்டுகிறவர் தனக்கு மட்டும் சலுகை கொடுத்துக்கொள்வார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அவருடைய அன்றாட வேலையெல்லாம் என்னைப் போன்றவர்களுக்குத் தரும் சாதாரணக் கணக்கில்தான் நடக்கிறது. முழு அதிகாரம் இருந்தால்தான் முடியும் என்கிற வேலை வந்தால், அந்த ஒரு வேலைக்கு மட்டும் அதை எடுத்துக்கொள்வார், முடிந்ததும் விட்டுவிடுவார். "எப்பவும் அட்மினாவே உக்காந்திருந்தா ஒரு நாள் கை தவறும் அண்ணே. அன்னைக்கு ஒரு வார்டே காணாமப் போயிடும்" என்று சொன்னார்.

வீட்டிலும் இதே சட்டம். கணவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். வீட்டுக் கணினியில் எதையாவது புதிதாகப் போட வேண்டும் என்றால் மனைவியைத்தான் கேட்க வேண்டும். சாயங்காலம் மனைவியை அழைத்துப் போக வரும்போது வாசலில் என்னிடம் வந்து உட்காருவார். என் வீட்டிலேயே நான் விருந்தாளி சார் என்று ஆவலாதி சொல்வார். ஆனால் அதே வாயால், "நானும் அதைத்தானே பண்றேன். கத்துக்க வர்றவங்க கையில ஸ்டீயரிங்கைக் குடுப்பேன், கியரைக் குடுப்பேன். இன்னொரு பிரேக் என் காலுக்குக் கீழதான் இருக்கும். அதையும் குடுங்கன்னு யாராவது கேட்டா, அவங்களுக்கு வண்டி ஓட்ட ஆசையா, வேற எதுவும் ஆசையான்னு எனக்குச் சந்தேகம் வந்துடும்" என்பார்.

அப்படிக் கேட்கிற ஒருவர் எங்களுக்கு மேலாளராக வந்து சேர்ந்தார்.

கெட்டவர் என்று சொல்லமாட்டேன். சுறுசுறுப்பானவர். வந்த வேகத்தில் கழிப்பறைகளைச் சுத்தமாக்கினார், வரிசையில் நிற்பவர்களுக்கு நாற்காலி போட்டார். ஆனால் இந்தக் கட்டடத்தில் தன் கையில் சாவி இல்லாத கதவு ஒன்று இருக்கக்கூடாது என்பது அவருடைய நம்பிக்கை. புது மென்பொருள் ஒன்றை வாங்கி, அதைப் பொருத்த ஒரு கம்பெனி ஆளையும் வரவழைத்தார். வேலை நடக்க வேண்டும், அட்மின் பாஸ்வேர்டைக் கொடுங்கள் என்று முடியாதம்மாவிடம் சொல்லி அனுப்பினார்.

முடியாதம்மா கம்பெனி ஆளை நேரே வரவழைத்து, வழக்கமான கேள்வியைக் கேட்டார். அவர் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலை வாங்கிக்கொண்டு, அவர் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, அந்த வேலைகளுக்கு மட்டும் அனுமதி கொடுத்தார். வேலை முடிகிற நாளில் அந்தக் கணக்கு தானாக மூடிக்கொள்ளும். கம்பெனி ஆளுக்கு இதில் மனத்தாங்கல் எதுவும் இல்லை. மேலாளருக்குத்தான் உச்சிமுதல் உள்ளங்கால்வரை எரிந்தது. நான் கேட்டது அவனுக்காக அல்ல, எனக்கு என்றார். என்ன செய்யணும் சார் என்று கேட்டதற்கு, ஒன்றும் செய்ய வேண்டாம், என்னிடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

"சார், இந்த ஆஸ்பத்திரிக்கே நீங்கதான் பெரியவர். ஆனா ஆபரேஷன் தியேட்டர்ல போய்க் கத்தியைக் குடுன்னு கேக்க மாட்டீங்க இல்ல?"

இதை மேலாளர் அறையில், இரண்டு துறைத் தலைவர்கள் இருக்கும்போதே சொல்லிவிட்டார். அதற்கு மேல் சமாதானத்துக்கு இடம் இல்லாமல் போயிற்று. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் கடவுச்சொல் தன் கைக்கு வர வேண்டும், வராவிட்டால் கணினிப் பிரிவை அந்தக் கம்பெனியிடமே ஒப்படைத்துவிட்டு இவரைத் துணிக் கிடங்குக்கு அனுப்பப்போவதாக மேலாளர் அறிவித்தார். இத்தனை வருஷம் ஒவ்வொரு ஊழியராகக் கேட்டுக் கேட்டு, இழை இழையாகக் கட்டிய வரம்புகள் அவை. நான் அவரிடம் போய், கொடுத்துத் தொலையுங்களேன், நீங்கள் மட்டும் ஏன் பகையைச் சம்பாதிக்க வேண்டும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, என் கணினியில் தமிழ் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று விசாரித்தார். கணவரும் வீட்டில் கேட்டிருக்கிறார், கிடங்கில் போட்டால் என்ன செய்வாய் என்று. "போர்வை எண்ணுவேன். கணக்குத் தப்பாது" என்றாராம்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் மேலாளர், தலைமைச் செவிலியர், கட்டணப் பிரிவு மனிதர், ஆய்வக மேற்பார்வையாளர், கம்பெனி ஆள், முடியாதம்மா, குறிப்பெடுக்க நான். ஆய்வக மேற்பார்வையாளரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அன்றைக்கு அக்கா யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். ஏன் என்பது சீக்கிரமே தெரிந்தது. மேலாளர் தயாராக வந்திருந்தார். உங்கள் பூட்டு எவ்வளவு லட்சணமானது என்று எல்லோரும் பார்க்கட்டும் என்று சொல்லி, கம்பெனி ஆளுக்குச் சைகை காட்டினார்.

அக்காவின் கணக்கில் கணினி திறந்தது. சுவரில் இருந்த திரையில் எல்லோருக்கும் தெரிந்தது. ரத்த மாதிரிக் குப்பிகளில் ஒட்டும் லேபிளின் அளவை அடிக்கடி மாற்ற வேண்டியிருப்பதால், அந்த அளவு எழுதியிருக்கும் ஒரே ஒரு கோப்பைத் திருத்த மட்டும் முடியாதம்மா அக்காவுக்கு அனுமதி கொடுத்திருந்தார். கம்பெனி ஆள் அந்தக் கோப்பைத் திறந்தார். பிறகு அதிலிருந்து வெளியே வராமல், அதே எடிட்டருக்குள், அதாவது கோப்புகளைத் திருத்தும் மென்பொருளுக்குள், இருந்தபடியே இன்னொரு கோப்பின் பெயரைத் தட்டினார். அதுவும் திறந்தது. கோப்பு ஒன்றுதான் என்று அனுமதி கொடுத்தாலும், அதைத் திறக்கிற எடிட்டர் முழு அதிகாரத்தோடு திறந்திருக்கிறது. அதற்குள் போய்விட்டவருக்குக் கணினியில் போக முடியாத இடமே இல்லை. கம்பெனி ஆள் உற்சாகத்தில் மேலாளருடைய உடல் பரிசோதனைப் பதிவையே எடுத்து, ரத்த வகையை ஓ என்பதிலிருந்து ஏ என்று மாற்றிச் சேமித்துக் காட்டினார்.

மேலாளர் சிரித்தார். தலைமைச் செவிலியர் சிரிக்கவில்லை.

முடியாதம்மா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு திரையருகே போய், ஒவ்வொரு வரியாகப் படித்தார். அக்கா அழுகிற குரலில், காட்டச் சொன்னார்கள், காட்டினேன், எனக்கு ஒன்றும் தெரியாது என்றார்.

"உங்க மேல தப்பு இல்லைக்கா. இது என் தப்பு. லேபிள் அளவை மாத்தணும்னுதான் கேட்டீங்க. நான் அவசரத்துல எடிட்டரையே கையில குடுத்துட்டேன்."

பூசி மெழுகாமல் இப்படிச் சொன்னதும் மேலாளருக்கு வேலை சுலபமாகிவிட்டது. இப்போது புரிகிறதா, ஏற்கெனவே திறந்து கிடக்கிற வீட்டுக்குத்தான் இத்தனை நாள் காவல் இருந்திருக்கிறீர்கள், தப்புச் செய்கிற உங்களிடம் மட்டும் இது ஏன் இருக்க வேண்டும் என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. அதை அப்படியே குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

அந்த ரத்த வகையை மாற்றியது யார் என்று பதிவில் பார்க்கச் சொன்னார் முடியாதம்மா. கம்பெனி ஆள் பார்த்தார். மாற்றியவர் என்ற இடத்தில் அட்மின் என்று மட்டும் இருந்தது. பெயர் இல்லை.

"அது யாரு சார்?" என்று மேலாளரிடம் கேட்டார்.

எல்லோரும் பார்க்கத்தானே கம்பெனி ஆள் மாற்றினார் என்றார் மேலாளர்.

"நாம பாத்தோம். நாளைக்கு உங்களுக்கு ஒரு ஆபரேஷன்னு வைங்க. ரத்தம் ஏத்துற நர்ஸ் இந்தத் திரையைத்தான் பாப்பாங்க. அவங்க இந்த ரூம்ல இல்லை. ஏதாவது ஆகிப்போச்சுன்னா அட்மின் யாருன்னு தேடுவாங்க. பாஸ்வேர்டு என்கிட்ட இருந்தா நான். உங்ககிட்டயும் இருந்தா நீங்களும்தான். நீங்க செய்யலைன்னு எப்படிச் சார் நிரூபிப்பீங்க? நான் தப்பு பண்ணுவேன், இதோ பண்ணியிருக்கேன். அதுக்காகத்தான் அதை இன்னும் நாலு கைக்குக் குடுக்க மாட்டேங்கிறேன். என்னைக் கிடங்குக்கு அனுப்புங்க, போறேன். ஆனா இந்த ஓட்டையைத் திறந்து வெச்சுட்டுப் போக மாட்டேன்."

இத்தனை வார்த்தைகளை அவர் சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதே இல்லை. பிறகு கம்பெனி ஆளைத் திரும்பிப் பார்த்து, "முதல்ல சாருக்கு அவர் ரத்தத்தைத் திருப்பிக் குடுங்க" என்றார். அந்த ஆள் பதறிப்போய் ஏ என்பதை ஓ என்று மாற்றினார். தலைமைச் செவிலியர் எழுந்து போய்த் திரையில் கண்ணை வைத்து அதைச் சரிபார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

முடியாதம்மா கம்பெனி ஆளை எழுப்பிவிட்டுக் கணினியின் முன்னால் உட்கார்ந்தார். அக்காவின் கணக்கை மூடித் தன் கணக்கைத் திறந்தார். எடிட்டர் அனுமதியை எடுத்துவிட்டு, லேபிள் அளவை மட்டும் மாற்றுகிற சிறிய கட்டளை ஒன்றை அதற்குப் பதில் வைக்கப்போவதாகச் சொன்னார். அதற்கு முழு அதிகாரம் வேண்டும். திரையில் கடவுச்சொல் கேட்கும் வரி வந்து நின்றது.

மேலாளர் தன் நாற்காலியிலிருந்து எழுந்தார். மேஜையைச் சுற்றி வந்து முடியாதம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்று, கைகளைக் கட்டிக்கொண்டார். "பண்ணுங்க. நானும் பாக்குறேன்."

திரையில் எழுத்துகள் தெரியாது. ஆனால் அவர் நிற்கிற இடத்திலிருந்து விசைப்பலகை நன்றாகத் தெரியும். எந்த விரல் எங்கே போகிறது என்று பார்க்க முடியும். அறையில் இருந்த எல்லோருக்கும் அது புரிந்தது. முடியாதம்மா தட்டிவிட்டால் கடவுச்சொல் மேலாளருக்குத் தெரிந்துவிடும். தட்டாவிட்டால் ஓட்டை அப்படியே இருக்கும், வேலையும் போகும்.

விசைகளின் மேல் இருந்த கைகளை அவர் எடுத்தார். இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டார். திரும்பி நிமிர்ந்து மேலாளரைப் பார்த்தார்.

தலைமைச் செவிலியர்தான் முதலில் நாற்காலியைத் திருப்பி, விசைப்பலகை கண்ணில் படாதபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். நாற்காலியின் கால்கள் தரையில் கிறீச்சிட்டன. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினார். கட்டணப் பிரிவு மனிதர் கண்களை இறுக மூடிக்கொண்டார். கம்பெனி ஆள் ஒரு கணம் விழித்துவிட்டு மேற்கூரையைப் பார்த்தார். நானும் திரும்பிக்கொண்டேன். எனக்கு எதிரே கண்ணாடி போட்ட அலமாரி ஒன்று இருந்தது. அதில் நிழலாகத் தெரிந்தது அவர்கள் இருவர் மட்டும்தான்.

மேலாளர் ஒரு முறை எங்கள் முதுகுகளையெல்லாம் பார்த்தார். தொண்டையைச் செருமினார். முடியாதம்மாவின் கைகள் மடியிலேயே இருந்தன, மேலாளர் கட்டிய கைகளை அவிழ்த்து, மெல்லத் திரும்பி, ஜன்னலைப் பார்த்து நிற்கும்வரை.